வரையறை கடைசியில் வரட்டும்: இளங்கலை அரசியல் அறிவியல் வகுப்பை உயிரோடு நடத்த ஒரு முழு வழிகாட்டி

"இறையாண்மை என்றால் என்ன?" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். அறுபது பேரும் பேனா மூடியைக் கழற்றி வைத்திருப்பார்கள். யோசிப்பதற்காக இல்லை, நாம் சொல்வதை எழுதிக்கொள்வதற்காக. அதே பிள்ளைகள் மதியம் கேண்டீன் வாசலில் நின்று, உள்ளாட்சித் தேர்தலில் எந்தத் தெரு யார் பக்கம் சாய்ந்தது, கடைசி இரண்டு நாளில் கணக்கு எப்படி மாறியது என்று பிரித்து மேய்ந்துகொண்டிருப்பார்கள். வெளியே நிபுணர்கள், உள்ளே வந்தால் ஊமைகள்.

இந்தக் கோளாறுக்கு நான் கண்ட காரணம் ஒன்றுதான். நாம் வரையறையை முதலில் சொல்லிவிடுகிறோம். வரையறை வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று மாணவர் நினைக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே ஒரு மாற்றம்: முதலில் ஒரு முடிவெடுக்க வேண்டிய நிலையில் மாணவரை நிறுத்துவது, அவர் தடுமாறிய பிறகு அந்தத் தடுமாற்றத்துக்குப் பெயர் சொல்வது. அந்தப் பெயர்தான் பாடநூலில் இருக்கும் கலைச்சொல்.

தமிழ்வழி வகுப்பு, நகர்த்த முடியாத பெஞ்சுகள், வேலை செய்யாத புரொஜெக்டர், ஐம்பது நிமிடப் பீரியட். இவற்றை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: ஐந்து யூனிட்டையும் ஐந்து கேள்வியாக்குங்கள்

செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு மாலை இதற்கு ஒதுக்கினால் போதும். "யூனிட் 3: கூட்டாட்சி, மத்திய மாநில உறவுகள், சர்க்காரியா ஆணையம்" என்பதைப் பார்த்து யாருக்கும் ஆர்வம் வராது. "நம் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு மசோதாவை எவ்வளவு நாள் கிடப்பில் போடலாம்? யார் போடலாம்?" என்று கேட்டால் அதே யூனிட் வேறு முகம் காட்டும். மத்திய மாநில உறவுகளை ஆராய 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த ராஜமன்னார் குழு, 1983இல் மத்திய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையம், மாநில ஆட்சியைக் கலைக்கும் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த 1994இன் பொம்மை வழக்குத் தீர்ப்பு எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றி வெவ்வேறு காலத்தில் வந்த பதில்களாக வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்விக்கு ஒரே ஒரு சோதனை வையுங்கள். அதற்கு வகுப்பில் குறைந்தது இரண்டு நேர்மையான பதில்கள் எழ வேண்டும். "கூட்டாட்சியின் சிறப்பியல்புகள் யாவை?" இந்தச் சோதனையில் தேறாது.

படி 2: முதல் வாரத்தில் ஒரு பொய்யில்லாத தேர்தல்

அறிமுக வகுப்பில் பெயர், ஊர் கேட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். ஒரு வாக்கெடுப்பு நடத்துங்கள். சுற்றுலா எங்கே போகலாம் என்று கேட்டு, கொடைக்கானல், ராமேஸ்வரம், ஒகேனக்கல் மூன்றையும் தரவரிசைப்படுத்தித் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதை எண்ணும் முன், நான் எப்போதும் பலகையில் போடும் கணக்கு இது.

முப்பது பேர். 12 பேருக்குக் கொடைக்கானல் முதலிடம், அடுத்து ஒகேனக்கல், கடைசி ராமேஸ்வரம். 10 பேருக்கு ராமேஸ்வரம், ஒகேனக்கல், கொடைக்கானல் என்ற வரிசை. 8 பேருக்கு ஒகேனக்கல், ராமேஸ்வரம், கொடைக்கானல். யார் ஜெயித்தது?

நம் நாட்டுத் தேர்தல் முறைப்படி அதிக ஓட்டு வாங்கிய கொடைக்கானல், 12 ஓட்டில். கடைசியாக வந்ததை நீக்கி, அந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றினால் ஒகேனக்கல்லின் 8 ஓட்டும் ராமேஸ்வரத்துக்குப் போய், 18க்கு 12 என்று ராமேஸ்வரம் ஜெயிக்கும். முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1 என்று புள்ளி போட்டால் கொடைக்கானல் 24, ராமேஸ்வரம் 28, ஒகேனக்கல் 38. ஓட்டுச் சீட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. முறை மாறியது, ஊர் மாறிவிட்டது.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதை அடக்காதீர்கள். "அப்போ மக்கள் தீர்ப்புன்னு ஒண்ணு இருக்கா சார்?" என்று பின் பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும்.

அப்புறம் நிஜத்துக்கு வாருங்கள். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதிமுகவுக்கு 37 கிடைத்தன. அதன் வாக்கு சுமார் 44 சதவீதம். 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடம்கூட இல்லை. வாங்கிய வாக்கின் அளவுக்கு ஏற்ப, அதாவது விகிதாசாரப்படி, இடங்களைப் பிரித்திருந்தால் யாருக்கு எத்தனை என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 17, 9 என்று வரும். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏறக்குறைய 45க்கு 40 என்றிருந்த இரு கூட்டணிகளின் வாக்கு சதவீதம், இடங்களில் 159க்கு 75 ஆனதையும் பக்கத்தில் வையுங்கள். ஒருமுறை ஒரு கட்சி லாபமடைந்த உதாரணம் சொன்னால் அடுத்தது மற்றக் கட்சியுடையதாக இருக்கட்டும். நீங்கள் எந்தக் கட்சி என்று வகுப்பு முதல் வாரமே முடிவுகட்டிவிட்டால் மூன்றாண்டுக்கு அதை மாற்ற முடியாது.

விகிதாசாரம் என்பது ஏதோ தூர தேசத்துச் சமாச்சாரம் என்ற நினைப்பும் வேண்டாம். இலங்கை நாடாளுமன்றத்தின் 225 பேரில் 196 பேர் மாவட்டவாரியாக விகிதாசார முறையில் வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலில். 2024 செப்டம்பரில் நடந்த அந்நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டாததால், வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. சுற்றுலாச் சீட்டில் மாணவர்கள் போட்ட அதே இரண்டாம் இடம்தான்.

இதன் தொடர்ச்சியாக, தன் ஊர் வாக்குச்சாவடியின் முடிவைத் தேடி எடுத்து வரும் வேலையைக் கொடுக்கலாம். தேர்தல் முடிந்ததும் வெளியாகும் படிவம் 20இல் சாவடிவாரியாக ஓட்டு விவரம் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். "எங்க தெரு முழுக்க இவருக்குத்தான்" என்று அடித்துப் பேசிய பையன், படிவத்தைப் பார்த்துவிட்டு அமைதியாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கருத்துக்கும் சான்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட மரியாதையாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

படி 3: டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு ஏரி

அரசியல் கோட்பாட்டுத் தாளில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் வரும் நாளுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். தேவை: அரைக்கிலோ புளியங்கொட்டை, பன்னிரண்டு டிபன் பாக்ஸ் மூடி. மூடி மாணவர்களிடமே இருக்கும்.

ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு மூடியிலும் 30 கொட்டை. அதுதான் ஏரித் தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் தனக்கு எத்தனை வேண்டும் என்று 0 முதல் 5 வரை ரகசியமாக எழுதி, பிறகு ஒரே நேரத்தில் காட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். மூடியில் மிஞ்சியது அடுத்த மழையில் இரட்டிப்பாகும், ஆனால் 30க்கு மேல் போகாது. ஏரி அவ்வளவுதான் பிடிக்கும். கேட்டது இருப்பைவிட அதிகமானால் இருப்பதைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு ஆட்டம் முடிந்தது. மொத்தம் ஆறு சுற்று. முதல் ஆட்டத்தில் பேசக்கூடாது.

ஆளுக்கு 3 எடுத்தால் 15 மிஞ்சி மறுபடி 30 ஆகிவிடும். ஆறு சுற்றில் ஆளுக்கு 18 சேரும். எல்லோரும் 5 எடுத்தால் 5 மிஞ்சும், அது 10 ஆகும், அடுத்த சுற்றில் தீர்ந்துபோகும். கடைசியில் ஆளுக்கு 7தான். இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லாதீர்கள். பெரும்பாலான மூடிகள் மூன்றாம் சுற்றுக்குள் காலியாகும், சத்தமும் கிளம்பும்.

இரண்டாம் ஆட்டத்தில் பேச விடுங்கள். மூன்றாவதில், ஒரு குழுவுக்கு "நீங்கள் ஒருவரை நீர்க்கட்டியாக, அதாவது மடை திறந்து தண்ணீரைப் பங்கிடுகிறவராக வையுங்கள், அவர் பேச்சைக் கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம்" என்று சொல்லுங்கள். இன்னொரு குழுவுக்கு, மீறினால் அபராதம் போடும் அதிகாரத்தோடு ஒருவரை நீங்களே நியமியுங்கள்.

பிறகுதான் பெயர்கள். பேசாத முதல் ஆட்டம் ஹாப்ஸ் சொன்ன, அரசே இல்லாத இயற்கை நிலைக்கு எவ்வளவு கிட்டத்தில் இருந்தது? மேலிருந்து வந்த அதிகாரி இல்லாமலே ஒழுங்குக்கு வந்த குழு எப்படி வந்தது? அரசியல் அறிவியலாளரான எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கியது இந்தக் கேள்வியின் வழியாகத்தான்: பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும், சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளில் பாதியை மாணவர்கள் தங்கள் ஆட்டத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். அளவு எல்லோருக்கும் தெரிய வேண்டும், மீறினவரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடிய வேண்டும், முதல் தப்புக்கே தலையை எடுக்கக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நம் முன்னோர் ஏரியை எவ்வளவு அழகாகப் பகிர்ந்தார்கள்" என்று உருகி முடித்துவிடாதீர்கள். பல ஊர்களில் நீர்க்கட்டி வேலை குறிப்பிட்ட சாதியாருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மடை திறந்தவருக்கு அந்தத் தண்ணீரில் எவ்வளவு பங்கு, ஊர்க்கூட்டத்தில் அவருக்கு எங்கே இடம் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஒழுங்கு இருந்தது என்பதும் நீதி இருந்தது என்பதும் இரண்டு தனிச் செய்திகள் என்பது அந்த இடத்தில் புரியும். நியாயம் பற்றி அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸ் சொன்ன பாடம் அடுத்த வகுப்புக்குத் தயாராகிவிட்டது.

படி 4: மூல ஆவணத்தைக் கையில் கொடுங்கள், இரண்டே பக்கம்

கைடு புத்தகத்தை ஒழிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆவணத்தை வையுங்கள்.

நான் வருடா வருடம் எடுப்பது சம்பகம் துரைராஜன் வழக்கு. முதலில் வழக்கைச் சொல்வதில்லை. சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணையின் பங்கீட்டை மட்டும் பலகையில் எழுதுவேன். கல்லூரிச் சேர்க்கையில் 14 இடத்துக்கு பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1. "நீங்கள்தான் நீதிபதி. 1950இல் வந்த அரசமைப்பில் மத, சாதிப் பாகுபாடு கூடாது என்று இருக்கிறது. இந்த ஆணை நிற்குமா?" பத்து நிமிடம் எழுத விடுங்கள். அப்புறம் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று ஆணையை ரத்து செய்ததையும், தெருப் போராட்டங்களுக்குப் பிறகு ஜூன் 18 அன்று அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) சேர்க்கப்பட்டதையும் சொல்லுங்கள். பத்து வார இடைவெளி. நீதிமன்றம், தெருப் போராட்டம், நாடாளுமன்றம் மூன்றும் ஒரே கதைக்குள் வந்துவிடும். வழக்குப் போட்ட சம்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்ற தகவலைக் கடைசிக்கு வைத்திருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் இணையத்தில் இருக்கின்றன. 1948 நவம்பர் 30 அன்று அரசு வேலை ஒதுக்கீடு பற்றிய விவாதத்தில் "பிற்படுத்தப்பட்ட" என்ற ஒரு சொல்லுக்காக நடந்த சண்டையைப் படிக்கக் கொடுங்கள். ஆங்கிலம்தான் தடை. அதற்கு நான் கண்ட வழி, இரண்டு பக்கத்தை நானே தமிழாக்கி ஜெராக்ஸ் போட்டுவிடுவது. அடுத்த ஆண்டிலிருந்து மாணவர்களே ஆளுக்கு ஒரு பத்தி மொழிபெயர்க்கிறார்கள். மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லில் சிக்குகிறார்களோ, கோட்பாடும் அங்கேதான் சிக்கலாக இருக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டையும் இப்படிப் படிக்கலாம். குடவோலை முறை என்று பெருமை பேசி நகராமல், சோழன் பராந்தகன் காலத்து அந்தச் சாசனத்தின் தகுதிப் பட்டியலை எடுத்து வையுங்கள். கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவை) மேல் வரிநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது என்று போகும். "உங்கள் வகுப்பில் யார் யார் தேறுவீர்கள்?" என்று கேளுங்கள். கை தூக்குகிறவர் இருக்க மாட்டார்.

புதியது வேண்டுமென்றால், ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைப்பது பற்றி 2025இல் உச்ச நீதிமன்றம் இரண்டு முறை பேசியது. ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு வைத்தது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்றது. மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய அரசமைப்பின் உறுப்பு 200 ஒன்றுதான். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஆளுக்கொரு வாசிப்பைக் கொடுங்கள்.

படி 5: பாவனை மன்றம், ஆனால் சத்தம் போட அல்ல

என் முதல் மாதிரி நாடாளுமன்றம் படுதோல்வி. டிவியில் பார்த்ததை அப்படியே செய்தார்கள்: மேசையைத் தட்டினார்கள், வெளிநடப்பு செய்தார்கள், மைக் கேட்டார்கள். முப்பது நிமிடத்தில் மசோதாவைப் பற்றி ஒரு வரி பேச்சில்லை. தப்பு என்னுடையது. நான் பாத்திரம் கொடுத்தேன், பிரச்சினையைக் கொடுக்கவில்லை.

இப்போது தொகுதி மறுவரையறையை எடுக்கிறேன். மக்களவை இடங்கள் இன்றும் 1971 மக்கள்தொகைக் கணக்கின்படிதான் மாநிலங்களுக்குப் பிரிக்கப்பட்டுள்ளன. புதிய கணக்கெடுப்பின்படி மறுபடி பிரிப்பதை 1976இல் அரசமைப்பின் 42ஆம் திருத்தம் நிறுத்திவைத்தது. 84ஆம் திருத்தம் அந்தத் தடையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தமிழ்நாட்டுக்கு 39, கேரளத்துக்கு 20, உத்தரப் பிரதேசத்துக்கு 80, பீகாருக்கு 40. தமிழ்நாட்டின் இடங்கள் 1967இல் 41இலிருந்து 39 ஆனது என்ற பழைய காயமும் உண்டு.

குழுவுக்கு ஒரு மாநிலம். சத்தமாகப் பேசும் மாணவர்களை உத்தரப் பிரதேசத்தில் போடுங்கள். "என் ஓட்டின் மதிப்பு ஒரு கேரளத்துக்காரர் ஓட்டைவிட ஏன் குறைய வேண்டும்?" என்று அவர்கள் வாதாட வேண்டும். முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ரகசியச் சீட்டு: எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது. பீரியட் முடிவதற்குள் இரண்டு மாநிலங்களாவது ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் யாருக்கும் மதிப்பெண் இல்லை. கையெழுத்து என்று வந்ததும் கத்தல் குறைந்து பேரம் தொடங்குகிறது. கூட்டாட்சி என்ற சொல்லை நான் அந்தப் பேரத்துக்குப் பிறகுதான் பலகையில் எழுதுவேன்.

படி 6: வாசலுக்கு வெளியே

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த செமஸ்டராக இருந்தாலும் ஒன்றாவது அகப்படும். அவரவர் ஊர்க் கூட்டத்துக்கு அவரவர் போகட்டும். "போய்ப் பார்த்துவிட்டு அறிக்கை எழுது" என்று மட்டும் சொன்னால் எல்லா அறிக்கையும் ஒரே மாதிரி வரும். பார்க்க வேண்டியதைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு? பெண்கள் எத்தனை பேர், அதில் பேசியவர் எத்தனை பேர்? வரவு செலவு வாசிக்கப்பட்டதா? கையெழுத்து நோட்டு எப்போது சுற்றியது, தீர்மானம் படிக்கும் முன்பா பின்பா? பெண் தலைவராக இருந்தால், கேள்விக்குப் பதில் சொன்னது அவரா, பக்கத்தில் நின்றவரா? உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு என்ற வரியைப் பாடநூலில் படிப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை அந்தக் கடைசிக் கேள்வி காட்டிவிடும். நகரத்து மாணவர்கள் ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். அரசு குடிமகனை எப்படிப் பெயர் சொல்லி அழைக்கிறது என்பதற்கு அங்கேயும் பாடம் உண்டு.

தகவல் உரிமை மனுவை செமஸ்டரின் முதல் மாதத்திலேயே போட வையுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். பதிலுக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள், மேல்முறையீட்டுக்கும் நேரம் வேண்டும். மாணவர்கள் முதலில் "எங்கள் தெருவில் ஏன் சாலை போடவில்லை?" என்றுதான் எழுதுவார்கள். அது தகவல் கோருவது இல்லை, புகார். "இந்தச் சாலைக்கான பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல்" என்று மாற்ற வைப்பதற்குள் நிர்வாகவியல் தாளில் ஒரு யூனிட் முடிந்துவிடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சட்டத்திலிருந்தே காட்டுங்கள். ஒன்று மட்டும்: மணல், நிலம் மாதிரியான விஷயத்தில் தனி மாணவர் பெயரில் மனு போக விடாதீர்கள். நூலக நேரம், பேருந்துத் தடம், விடுதி உணவுப் படி என்று இருக்கட்டும்.

படி 7: சூடான பொருள்கள்

சாதி, மதம், கட்சி மூன்றையும் தவிர்த்துவிட்டு இந்தப் பாடம் நடத்த முடியாது. நடத்தினால் அது பொது அறிவு வகுப்பு. ஆனால் எந்த மாணவரிடமும் "நீ என்ன நினைக்கிறாய், உங்கள் ஆட்களுக்கு இதில் என்ன அனுபவம்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி நட்பாகத் தோன்றும், ஆனால் அறுபது பேர் முன்னால் அவர் சாதியை அறிவித்துவிடும். கருத்தைச் சீட்டில் பெயரில்லாமல் வாங்கி, கலக்கி, யாரோ எழுதியதை யாரோ படிக்கட்டும். படித்தவர் அதற்கு ஆதரவாக இரண்டு காரணம் சொல்ல வேண்டும். மொபைலில் பதிவு கூடாது என்ற விதியை முதல் நாளே எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். வெட்டிய முப்பது நொடி வீடியோ ஒரு மாணவியின் படிப்பையே நிறுத்திவிடலாம்.

கலவையான குழுக்களில் வேலை செய்ய 'ஜிக்சா' முறை உதவும். ஒவ்வொருவரிடமும் பாடத்தின் ஒரு துண்டு மட்டும் இருக்கும், மற்றவர் சொல்வதைக் கேட்காமல் முழுப்பாடம் கிடைக்காது. இதை எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் உருவாக்கியது, வெள்ளை, கறுப்பினக் குழந்தைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முட்டிக்கொண்ட நேரத்தில். நம் ஊர் பெஞ்சுகளிலும் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பிறகு குழு பிரியுங்கள்.

படி 8: "இது பரீட்சைக்கு வருமா சார்?"

வரும். வர வைக்க வேண்டியது உங்கள் வேலை. ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடமும் எழுத்துக்கு. புளியங்கொட்டை முடிந்ததும் "ஹாப்ஸின் சமூக ஒப்பந்தக் கோட்பாட்டை விளக்குக" என்ற அதே பழைய ஐந்து மதிப்பெண் வினாவைப் பலகையில் எழுதுங்கள். முதல் வரி ஆட்டத்தில் நடந்ததாகவும், இரண்டாம் வரி வரையறையாகவும், மூன்றாவது ஒரு ஆட்சேபமாகவும் இருக்கட்டும். தாள் திருத்துகிறவர் வேறு கல்லூரிக்காரர், டிபன் பாக்ஸ் கதை அவருக்குத் தெரியாது. அதனால் தேர்வுத்தாளில் முதல் வரியை அடித்துவிட்டு மற்ற இரண்டை எழுதச் சொல்லிப் பழக்குங்கள்.

அக மதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு அசைன்மென்டையாவது இவற்றுக்கு ஒதுக்கிக்கொள்ளத் துறைத்தலைவரிடம் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பேசியதற்கு மதிப்பெண் போடாதீர்கள், எழுதியதற்குப் போடுங்கள். இல்லையென்றால் வாயாடிகளுக்கே எல்லாம் போய்ச் சேரும், பஸ் பிடித்து இரண்டு மணி நேரம் வந்து மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் இருக்காது.

எட்டையும் ஒரே செமஸ்டரில் இறக்க வேண்டாம். முதல் முறை சுற்றுலா ஓட்டெடுப்பும் புளியங்கொட்டையும் போதும். கொட்டையை நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொண்டு போங்கள். என் முதல் ஆட்டத்தில் ஏரி முழுக்க எறும்பு.